எண் ஒன்று, சாம்பல் ஒட்டகம்

அறுநூற்றுப் பன்னிரண்டு. போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரை எண்ணிக்கை அதுதான்.

இருபத்துநான்கு வகை விலங்குகள். எதுவும் கட்டைவிரலைவிட உயரமில்லை. யானையும் அதே அளவு, தவளையும் அதே அளவு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சோப்புத்தூள் பெட்டிக்குள் இலவசமாக வந்த பிளாஸ்டிக் பொம்மைகள் இவை. தொழிற்சாலை ஆறு நிறங்களில்தான் செய்தது: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, கத்தரிப்பூ. இந்த ஆறிலும் சேராத நிறத்தில் ஒன்று எங்காவது கிடந்தால், அதுதான் ஷேடுக்காரருக்கு வேண்டும்.

அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே பெயிண்ட் கடையில் முப்பத்தொன்பது வருஷம் நிறம் கலந்தவர். சுவரிலிருந்து பெயர்ந்த சில்லு, சோபாவின் ஒரு பொத்தான், பழைய கதவின் ஒரு செதில், எதைக் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்தாலும் அரை மணி நேரத்தில் அதே நிறம் டப்பாவில் தயாராக இருக்கும். கடைக்குக் கலக்கும் மெஷின் வந்த பிறகும், மெஷின் கலந்ததை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு சொட்டு கறுப்பு" என்பார். மெஷின் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது வயது அறுபத்தொன்று. ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறைகளில் சின்னது பொம்மைகளுக்கு. ஹார்டுவேர் கடையில் ஆணியும் திருகும் போட்டுவைப்பார்களே, அந்தக் குட்டி இழுப்பறை அலமாரிகள் மூன்று சுவரோடு நிற்கின்றன. இழுப்பறை ஒவ்வொன்றின் மேலும் கையால் எழுதிய சீட்டு: எண், விலங்கு, நிறம். எண் 87, வாத்து, கிளிப்பச்சையில் மஞ்சள் புகை. எண் 240, கங்காரு, செங்கல். எண் 411, முதலை, பழைய ரசீதுப் புத்தகத்தின் நீலம்.

எண் போடும் முறை மனைவியுடையது. அவர் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர். கல்யாணமான புதிதில் இந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு பதிவேடு போடுங்க, இல்லன்னா நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றார். கூடவே ஒரு விதியும் வைத்தார்: ஒரு பொருளுக்குக் கொடுத்த எண், அந்தப் பொருள் போன பிறகும் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. நூலகத்தில் தொலைந்த புத்தகத்தின் எண் அப்படியே காலியாகத்தான் கிடக்கும்.

எண் ஒன்று, சாம்பல் ஒட்டகம். அதைப் போல இன்னொன்று யாரிடமும் இல்லை.

விசித்திர நிறங்கள் பிறந்த கதை சிறியது. அச்சு மெஷினில் ஒரு நிறத்தை முடித்து அடுத்த நிறத்தைக் கொட்டும்போது, நடுவே ஒரு முப்பது நாற்பது பொம்மைகள் இரண்டும் கெட்டானாக விழும். அவற்றை ஒதுக்கி, அரைத்து, மறுபடி உருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் தலைவலியோடு வேலை செய்தவர்கள் எல்லா ஷிப்டிலும் இருந்தார்கள். ஒன்றிரண்டு தப்பித்துச் சோப்புத்தூளுக்குள் போயின. அவற்றைத் தேடுகிறவர்கள் இன்று இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், பல ஊர்களில். ஆறு வருஷமாக எல்லோருமாகச் சேர்ந்து, ஷேடுக்காரரின் பதிவேட்டையே அடிப்படையாக வைத்து, அதே எண்களோடு ஒரு பட்டியல் புத்தகம் தயாரிக்கிறார்கள். 'இது அசல், இது வெளுத்துப்போனது' என்று தீர்ப்புச் சொல்பவர் ஷேடுக்காரர். அட்டைப்படத்துக்கு எண் ஒன்று என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது. அட்டை மாதிரியைப் பார்த்து ஒப்புதல் சொல்ல அச்சகம் கொடுத்த கெடு, அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை.

ஒரே ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர். அவரிடம் நூற்றெழுபது பொம்மைகள் இருக்கின்றன. நம்பிக்கை அதைவிடக் குறைவு.

"பொம்மை ரெண்டு பாதியா செஞ்சு ஒட்டினது சார். உள்ள வெயில் போயிருக்காது. பிளந்து பாத்துருவோமே, ஒரு நிமிஷ வேலை."

"வயித்தக் கிழிக்கிறதெல்லாம் உங்க லைனு. என் ஒட்டகத்துக்கு ஒரு நோயும் இல்ல."

"வெளுத்திருந்தா?"

"வெளுத்தா ஒரு பக்கம்தான் வெளுக்கும். ஜன்னல் பக்கம் ஒரு கலர், சுவர் பக்கம் ஒரு கலர். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. எனக்குக் கிடைச்சப்பவே இந்தக் கலர்தான்."

முப்பது வருஷமாக இதே பேச்சு, இதே பதில். பதிலில் ஓட்டை இல்லை. மருந்துக்கடைக்காரர் தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்.

ஒட்டகம் கிடைத்தபோது ஷேடுக்காரருக்கு வயது ஒன்பது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்பா ஒரு பஸ் பட்டறையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். வீட்டில் பழைய சோப்புத்தூள் தீராமல் புதுப் பெட்டி திறக்கக் கூடாது, அம்மாவின் சட்டம். ஆகவே பழைய பெட்டியைத் தீர்ப்பது பிள்ளைகளின் வேலையாயிற்று. துவைத்துக் காய்ந்து மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி ஊறப்போடுவார்கள்.

"ஏண்டி, காஞ்ச துணி எல்லாம் ஏன் வாளியில கெடக்கு?"

"காக்கா அசிங்கம் பண்ணிருச்சும்மா."

"எட்டுச் சட்டையிலயுமா?"

"பெரிய காக்காம்மா."

அந்தத் தெருவிலேயே வெளுப்பான சட்டை அவர்களுடையது. காலரெல்லாம் நைந்துபோயிருக்கும், அழுக்கு மட்டும் இருக்காது. புதுப் பெட்டி திறந்ததும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார்கள். தூள் நகக்கண்ணில் ஏறி எரியும், தும்மல் வரும். விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படும் அந்த நொடியில் அது எந்த விலங்கு என்று தெரியாது, எந்த நிறம் என்றும் தெரியாது. "அந்த நொடிய இன்னும் யாரும் டப்பாவுல போட்டு விக்கல" என்பார் ஷேடுக்காரர்.

அந்த வருஷம் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலிருந்து குதித்துத் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. முதல் தடவை கோணலாகச் சேர்ந்ததால் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். மொத்தம் எட்டு மாதம் படுக்கை. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே வரும் வெயில் மதியம் வரை போகாது. ஜன்னல் கட்டை இரண்டு விரல் அகலம்தான். அதில் ஒட்டகம் பக்கவாட்டாகத்தான் நிற்க முடியும், முகம் இடப்பக்கம் அல்லது வலப்பக்கம்.

பள்ளிக்கூடம் போகுமுன் அக்கா ஒட்டகத்தைத் திருப்பி வைப்பாள். இடப்பக்கம் பார்த்தால் போகிறது. வலப்பக்கம் பார்த்தால் திரும்பி வருகிறது. ஒட்டகம் மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் போக ஒரு நாள், வர ஒரு நாள். எழுந்து நிற்க முடியாத பையனுக்காக அது ஊரெல்லாம் போய்வந்தது. அவன் நடக்க ஆரம்பித்த பிறகும், அந்த வீட்டைக் காலி செய்யும்வரை இன்னும் ஒரு வருஷத்துக்குமேல், பழக்கத்தில் யாராவது ஒருவர் அதைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.

இருபத்தேழாம் வயதில், பெயிண்ட் கடையில் ஏழு வருஷம் முடிந்திருந்த நேரத்தில், வேறொரு வீடு மாறும்போது அந்த டின் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் அவருடைய கண் ஓரிடத்தில் நின்றது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் பழைய ஆட்கள். நடுவே ஒன்று மட்டும் மழைக்கு முந்தைய வானம் போல, சாம்பலில் துளி நீலம் கரைத்த நிறத்தில். ஆறில் எதிலும் சேராத நிறம். அன்று மாலையே இரண்டு பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். சேகரிப்பு தொடங்கியது அப்படித்தான்.

இனி கதை மூன்று வாரத்துக்கு முன்பு. அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். இன்றும் அவள் பேசினால், டிரங்க் கால் போல நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பக்கத்தில் என்பதால் தம்பி வீட்டில் தங்கினாள். அவளுக்கு இந்தப் பொம்மைகள் மேல் ஒரு மரியாதையும் கிடையாது. "உன் குப்பை எப்படிடா இருக்கு?" என்றுதான் போனில்கூட விசாரிப்பாள். சின்ன அறைக்குள் போய் ஓர் இழுப்பறையைத் திறந்து பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கு முந்தைய புதன்கிழமை டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அக்கா கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுச் சுவர் வெள்ளையா? நான் இத்தன வருஷமா வெளிர் மஞ்சள்னு நினைச்சேன்."

"வெள்ளைதான் அண்ணி. உங்க தம்பி கலந்தது" என்றார் மனைவி.

"பரவால்ல, அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

அப்போதுதான் சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அட்டை மாதிரியை எடுத்தாள். அட்டை முழுக்கப் பெரிதாக ஒட்டகம்.

"இது நம்ம ஒட்டகம்தானேடா?"

"ஆமாக்கா. நம்பர் ஒன்னு."

"ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"வெளிறலக்கா. அதோட கலரே அதுதான். உலகத்துல ஒண்ணே ஒண்ணு."

"யாரு சொன்னா? இது கத்திரிப்பூ கலருடா."

ஷேடுக்காரர் சிரித்தார். "ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கா. கொஞ்ச நாளைக்கு எல்லாம் வேற கலராத் தெரியும்."

"கண்ணுதாண்டா புதுசு. ஞாபகம் பழசு." அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நீ கால்ல கட்டோட கெடந்த. பெட்டிக்குள்ள கைய விட்டு எடுத்தது நான். அப்ப எனக்கு அதே கலர்ல ஒரு ரிப்பன் இருந்துச்சு. பின்னல்ல இருந்து அவுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அச்சு அசல். ரிப்பன நீ பிடுங்கி ஒட்டகத்துக் கழுத்துல கட்டி நாசம் பண்ணின."

ரிப்பன் நினைவிருந்தது. ஷேடுக்காரரின் சிரிப்பு நின்றது.

"வெயில்னா ஒரு பக்கம்தானேக்கா வெளுத்திருக்கும்?"

"நீ எங்க ஒரு பக்கமா விட்ட? போக ஒரு நாள், வர ஒரு நாள்னு தினம் திருப்பி வைக்கச் சொல்லி உயிர எடுத்தியே. ஒருநாள் மறந்துட்டுப் போனதுக்கு அம்மாகிட்ட அடி வாங்கிக் கொடுத்த."

அட்டையை மேசையில் போட்டுவிட்டு அவள் ஜன்னலுக்குப் போய்விட்டாள், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்க்க. அவளுக்கு அது அவ்வளவுதான்.

ஷேடுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒட்டகத்தைத்தான். தினம் பார்க்கிறவன் கண்ணுக்கு நிறம் போவது தெரியாது. கடைசியில் இருந்த நிறம்தான் முதலில் இருந்த நிறம் என்று மனசில் பதிந்துவிட்டது. முப்பது வருஷமாகச் சொன்னது பொய் இல்லை. ஆனால் இப்போது அவருக்குத் தெரியும்.

வியாழன், வெள்ளி, சனி. சின்ன அறைக் கதவு திறக்கவில்லை. அவர் சும்மா இருந்தாலே போதும். அக்காவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. பத்து நாளில் ஊருக்குப் போய்விடுவாள். மருந்துக்கடைக்காரர் எதையும் நிரூபிக்க முடியாது. சரி என்று அச்சகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் ஆறு வருஷ வேலை ஒட்டகத்தை அட்டையில் சுமந்து வெளியே வரும். சொல்லாவிட்டால், மற்றவர்கள் நம்பி அனுப்பிய பொம்மைகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர் தன்னுடைய முதல் பொம்மையிலேயே தப்பு செய்தவர் என்று ஆகும். 'இது ஜன்னலில் வெளுத்தது' என்று அவர் திருப்பி அனுப்பிய பொம்மைகள் எத்தனையோ. அனுப்பியவர்களில் ஒருவர் அழுதிருக்கிறார்.

சனிக்கிழமை காலை மனைவி நூலகத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"எத?"

"சுவத்துல எந்த இடத்துல சுரண்டி எடுத்துட்டு வரணும்னு."

அந்தக் கடையில் அவர் சொன்ன வாக்கியங்களில் அதிகம் சொன்னது அதுதான். வெளிச்சுவரிலிருந்து எடுத்து வரும் சில்லைத் தொடவே மாட்டார். 'வெயில் படாத இடத்திலேர்ந்து கொண்டு வாங்க. சுவிட்ச்போர்டக் கழட்டுங்க, மாட்டின படத்துக்குப் பின்னாடி பாருங்க. அங்கதான் உங்க வீட்டுக் கலர் இருக்கு' என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவார். எரிச்சலோடு போவார்கள், திரும்பி வந்து அதே நிறம் கிடைத்ததும் நன்றி சொல்வார்கள். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒருவருக்கும் அவர் விலக்குக் கொடுத்ததில்லை.

"சுவிட்ச்போர்டுக்குப் பின்னாடி" என்றார் கடைசியில். மனைவி படியிறங்கிப் போயிருந்தார்.

மறுநாள், ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒரு கத்திப் பெட்டியோடு வந்தார். அறுவை சிகிச்சைக் கத்தி, மூன்று அளவில்.

"முப்பது வருஷமாக் கேட்டேன். இன்னிக்கு என்ன திடீர்னு?"

"உக்காருங்க. கத்தி எல்லாம் வேணாம், என்கிட்டயே இருக்கு."

பெயிண்ட் வழிக்கும் மெல்லிய தகட்டுக் கத்தியை எடுத்து வந்தார். கடையை விட்டு வரும்போது கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள். ஒட்டகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போட்டார். மனைவி மேசை விளக்கைப் பிடித்தார். அக்கா மறுபடி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்றாள்.

"ஆபரேஷன்னா நான் பாக்கமாட்டேன்" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கத்தி நுனி திமிலுக்கு நடுவே இறங்கியது. பழைய பசை மெல்ல விட்டது. ஒரு சின்னச் சத்தம், விதை வெடிப்பது போல. இரண்டு பாதிகள் அவர் உள்ளங்கையில் மல்லாந்து விழுந்தன.

உள்ளே கத்தரிப்பூ. நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது போல.

மருந்துக்கடைக்காரர் தன் கத்திப் பெட்டியை மூடினார். அவர் ஜெயித்திருந்தார், முகத்தில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார். "நல்ல கத்தரிப்பூ சார்" என்றார். "இவ்வளவு சுத்தமா என்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "நான்தான் கெடுத்துட்டேனாடா?"

"இல்லக்கா."

"திருப்பாம விட்டிருந்தா ஒரு பக்கமாவது ஒழுங்கா இருந்திருக்கும்."

"திருப்பாம விட்டிருந்தா அன்னிக்கு டின்னத் திறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கும். வெளுத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருப்பேன். இந்த அறையே இருந்திருக்காது." அவர் இரண்டு பாதியையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது எங்கெல்லாம் போச்சுக்கா? ஞாபகம் இருக்கா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "மார்க்கெட்டு. ரயில்வே ஸ்டேஷன். அப்பா பட்டறை. ரெண்டு தடவ சினிமா. சைக்கிள் கடை. என் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் வந்து பெஞ்சு மேல ஏத்தினாங்கன்னு சொன்னேன், நீ சிரிச்சுச் சிரிச்சுக் கட்டுக்குள்ள வலிக்குதுன்னு அழுத. ஒரு தடவ கடல் வரைக்கும் போச்சு. வர நாலு நாள் ஆச்சு."

"ஆஸ்பத்திரிக்கு?"

"அங்க அனுப்பாதேன்னு நீ சொல்லிட்ட."

மனைவி விளக்கை அணைத்தார். மருந்துக்கடைக்காரர் இரண்டாவது தேநீர் கேட்டார். அப்புறம்தான் காரியப் பேச்சு. அட்டைக்கு வேறு படம் வேண்டும். கிளிப்பச்சையில் மஞ்சள் புகை ஓடும் வாத்து என்று முடிவாயிற்று. மற்றவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஷேடுக்காரர் அங்கேயே எழுதினார், ஐந்து வரி. என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது. கீழே ஒரு வரி: 'நான் வெளுத்தது என்று திருப்பி அனுப்பியவை, அசல் என்று ஒத்துக்கொண்டவை, எதிலாவது சந்தேகம் இருந்தால் மறுபடி அனுப்புங்கள், வெயில் படாத இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.'

"அப்ப எல்லா நம்பரையும் ஒண்ணு ஒண்ணு மேல ஏத்திருவோம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "ரெண்டு ஒண்ணாயிடும், மூணு ரெண்டாயிடும்."

"அப்படியெல்லாம் ஏத்த முடியாது" என்றார் மனைவி.

"பட்டியல் ரெண்டுல ஆரம்பிச்சா படிக்கிறவங்க அச்சுப் பிழைன்னு நினைப்பாங்கம்மா."

"நினைக்கட்டும். கேட்டா சொல்லுவாரு."

ஒட்டகத்தை ஒட்டவில்லை. இரண்டு பாதிகளும் சமையலறை ஜன்னல் கட்டையில் இருக்கின்றன, உள்பக்கம் கீழே கவிழ்த்தபடி. அக்கா காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது அவற்றை இடம் மாற்றி வைக்கிறாள். ஏனென்று யாரும் கேட்பதில்லை.

புத்தகம் வருகிற வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அறுநூற்றுப் பதினொரு பதிவுகள். முதல் பக்கத்தில் முதல் பதிவு, எண் இரண்டு: தவளை, வெண்ணீலம்.